ஊமைக்காயம்

எங்கள் ஊர் வணிகர்கள் சேர்ந்து இன்ஸ்பெக்டருக்குப் பாராட்டு விழா எடுத்தார்கள். கல்யாண மண்டபத்து வாசலில் பதினைந்தடி ஃப்ளெக்ஸ். அதில் ஐயா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு நடந்து வருகிறார். அவருக்குப் பின்னால் ஒரு சிங்கம், சிங்கத்துக்குப் பின்னால் தேசியக்கொடி, கொடிக்கு ஓரமாகப் பாத்திரக்கடைக்காரரின் பாஸ்போர்ட் அளவுப் படம். ‘எங்கள் ஊரின் இரும்புக்கரமே’ என்று கொட்டை எழுத்து. இரும்புக்கரத்தின் கீழே அவரவர் கடையின் செல்போன் நம்பர்.

மேடையில் ஐயாவுக்குப் போட்ட பொன்னாடைகளை எண்ணினேன், இருபத்து மூன்று. உண்மையில் இருந்தது ஐந்துதான். போட்டதும் கழற்றி, திரைக்குப் பின்னால் ஒரு பையன் மடித்து, மறுபடி பாலிதீன் உறையில் செருகி, வரிசையில் நிற்கும் அடுத்தவர் கையில் கொடுத்துக்கொண்டிருந்தான். நல்ல வேகம். அன்றைக்கு அந்த மண்டபத்தில் ஒழுங்காக வேலை பார்த்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுக்கு யாரும் துண்டுகூடப் போடவில்லை.

“ஐயா வந்த நாள் மொதலு நம்ம ஊர்ல திருட்டே கெடையாது” என்றார் தலைமை தாங்கியவர். கைதட்டல். நானும் தட்டினேன். தட்டும்போது சட்டைப்பையில் காகிதம் ஒன்று கசங்கியது. அந்தத் திருட்டில்லாத ஊரில் என்னுடைய மொபெட் காணாமல் போனதற்கு ஸ்டேஷனில் கொடுத்த ரசீது அது.

ரசீதுக்குப் பெயர் சி.எஸ்.ஆர். இந்த மூன்றெழுத்தின் மகிமை தெரியாதவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் வீட்டில் இதுவரை எதுவும் களவு போனதில்லை. எஃப்.ஐ.ஆர். போட்டால் ஊரில் ஒரு திருட்டு நடந்துவிட்டது என்று கணக்கு ஏறும். சி.எஸ்.ஆர். போட்டால் ஒரு பெரியவர் வந்தார், பேப்பர் கொடுத்தார், முத்திரை குத்தி அனுப்பினோம் என்பதோடு சரி. பிடியாணையில்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும் என்று 2013-லேயே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்புச் சொல்லிவிட்டது. தீர்ப்பு டெல்லியிலிருந்து கிளம்பி வந்துகொண்டிருக்கிறது. எங்கள் ஊரில் எக்ஸ்பிரஸ் ரயில் எதுவும் நிற்பதில்லை.

திருடனைப் பிடித்தால் ஒரு திருட்டு குறையும். எழுதாமல் விட்டால் எல்லாத் திருட்டும் குறையும். இதில் எது சிறந்த காவல் பணி என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆகவே மேடையில் உட்கார வேண்டியவர் இன்ஸ்பெக்டரே இல்லை. ஸ்டேஷனில் காலொடிந்த மேசைக்கு முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்தபடி உட்கார்ந்திருக்கிறாரே ரைட்டர், அவர்தான். எதை எழுதுவது, எதை எழுதாமல் விடுவது, எழுதியதை எப்படி எழுதுவது என்கிற மூன்று வித்தையும் அவர் கையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் போலீஸ்காரர்களுக்குக் கொடுக்கும் அத்தனை பதக்கத்தையும் சாகித்ய அகாடமியிடம் ஒப்படைத்துவிடலாம் என்ற முடிவுக்கு அன்றைக்கு அந்த மண்டபத்தின் கடைசி வரிசையில்தான் வந்தேன்.

பதக்கத்துக்கு நம் மாநிலத்தில் பஞ்சமில்லை. பொங்கலுக்கு முதலமைச்சர் காவல் பதக்கம். இரண்டாம் நிலைக் காவலர் முதல் சிறப்பு எஸ்.ஐ. வரை மூவாயிரம் பேருக்கு. பத்தாண்டு அப்பழுக்கில்லாமல் வேலை பார்த்திருக்க வேண்டும். வாங்கினால் மாதம் 400 ரூபாய் பதக்கப்படி. ஒரு நாளைக்குப் பதின்மூன்று ரூபாய் சொச்சம். எங்கள் பஸ் ஸ்டாண்டில் டீ பதினைந்து. அப்பழுக்கற்ற பத்து வருடத்துக்கு அரசாங்கம் முக்கால் டீக்கு மேல் கொடுத்துவிடுகிறது, மிச்சத்தை அவர்களே பார்த்துக்கொள்வார்கள் என்கிற நம்பிக்கையில்.

கேலிக்குச் சொன்னாலும் காவலர் நிலையில் இருப்பவர்கள் மேல் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை. பந்தோபஸ்துக்குப் போய் வெயிலில் எட்டு மணி நேரம் நின்று, ஒன்றுக்குப் போக இடமில்லாமல் தண்ணீரே குடிக்காமல் இருக்கும் பெண் போலீசாரைப் பார்க்காதவர் யார்? அதிகாரி வீட்டில் நாயைக் குளிப்பாட்டுவது, காய்கறி வாங்குவது, பிள்ளையை டியூஷனுக்குக் கூட்டிப் போவது போன்ற சிறந்த பணிகளையும் இந்தக் காவலர்கள் காலம்காலமாகச் செய்து வருகிறார்கள். இந்த ஆர்டர்லி முறையை 1979-ல் அரசாணை போட்டு ஒழித்தார்கள். 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை மறுபடியும் ஒழித்தது. ஒழித்ததை ஒழிக்க நாற்பத்து மூன்று வருடம் ஆகியிருக்கிறது. அதிகாரி வீட்டு நாய்க்கு வயதாகியிருக்கும், வேறு நாய் வந்திருக்கும்.

பதக்கங்களில் எனக்குப் பிடித்தது ஒன்று உண்டு. காந்தியடிகள் காவலர் விருது. கள்ளச்சாராய ஒழிப்பில், மதுவிலக்கு அமலாக்கத்தில் சிறப்பாகப் பணியாற்றியவர்களுக்குக் குடியரசு நாளில் மெரினாவில் முதலமைச்சர் கையால் கொடுப்பது. தலைக்கு 40,000 ரூபாய். விருது வாங்குகிற காவலர்கள் உண்மையிலேயே காடு மேடு ஏறி ஊறலை உடைத்தவர்களாக இருக்கலாம், அவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. விருதின் பெயரோடுதான் சண்டை.

இந்த மாநிலத்தில் மதுவை விற்பது அரசு. சில்லறைக் கடை முழுவதும் 2003 முதல் அதன் கையில். 2024-25-ல் அதில் கிடைத்த வருவாய் 48,344 கோடி. இந்த வருவாயைப் பார்த்துக்கொள்ளும் துறையின் பெயர் மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறை. விலக்குவதும் விற்பதும் ஒரே பெயர்ப்பலகையில் இருக்கிறது. பிள்ளையைக் கிள்ளித் தொட்டிலை ஆட்டுவது என்பார்களே, இங்கே தொட்டிலை ஆட்டுகிறவருக்குக் காந்தி பெயரில் விருதும் உண்டு. ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. அந்தப் பத்து மணி நேரத்துக்கு இந்த வருவாயைப் பிரித்தால் நொடிக்கு 36 ஆயிரம் ரூபாய்க்கு மேல் வருகிறது. காந்தியார் பெயரால் ஒரு காவலருக்குக் கொடுக்கும் 40,000 என்பது ஒரு ஆள் க்வார்ட்டருக்குச் சில்லறை எண்ணி முடிப்பதற்குள் அரசாங்கம் சம்பாதித்துவிடும் தொகை.

விருது கொடுக்கும் குடியரசு நாளில் கடைக்கு விடுமுறை. அதற்காக அன்றைக்கு எங்கள் ஊரில் யாரும் தாகத்தோடு இருந்துவிடுவதில்லை. முந்தின நாளே பெட்டி பெட்டியாக வாங்கி வைத்தவர் கோயில் தேரடிக்குப் பின்னால் சந்தில் உட்கார்ந்திருப்பார். பாட்டிலுக்கு அறுபது எழுபது கூட. அவர் அங்கே இருப்பது ஊருக்கே தெரியும், ரோந்து ஜீப்புக்கு மட்டும் தெரியாது. ஜீப்புக்கும் தெரியுமென்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் பொறாமைக்காரர்கள்.

இன்னொரு கூத்து. குடியரசு நாள் விழா வழக்கமாக நடந்தது காந்தி சிலைக்கு முன்னால். மெட்ரோ ரயில் வேலைக்காகச் சில வருடங்களுக்கு முன் உழைப்பாளர் சிலைப் பக்கம் மாற்றினார்கள். தன் பெயரில் கொடுக்கும் சாராய விருதைப் பார்க்கக் கிழவர் அந்த இடத்தில் இல்லை. தமிழ்நாட்டில் மெட்ரோவால் கௌரவம் தப்பிய ஒரே ஆள் அவராகத்தான் இருக்கும்.

2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்திலும் செங்கல்பட்டுப் பக்கத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். அடுத்த தையில் விருது கொடுக்கப்பட்டது. 2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் அக்கம்பக்கத்திலும் அறுபத்தைந்துக்கும் மேல் செத்தார்கள். கருணாபுரம் நடுக்காட்டு மலையில்லை, நகரத்துக்குள் இருக்கும் தெரு. போலீஸ் ஸ்டேஷனும் கோர்ட்டும் நடந்து போகிற தூரம். முதல் சாவுகள் விழுந்த அன்றைக்கு, இது கள்ளச்சாராயத்தால் இல்லை என்று மாவட்ட நிர்வாகத்திலிருந்தே பேட்டி வந்தது. கேட்டவர்கள் சும்மா வயிற்று வலிதானே என்று வீட்டில் இருந்தார்கள். குடித்துவிட்டு மறைத்தவர்களும் இருந்தார்கள். மறுநாள் தெருவில் வரிசையாகப் பந்தல். ஒரே தெருவில் அத்தனை பாடைக்கும் மூங்கில் எங்கே கிடைத்தது என்று இன்னும் யோசிக்கிறேன்.

எஸ்.பி.யை இடைநீக்கம் செய்தார்கள், கலெக்டரை மாற்றினார்கள், குடும்பத்துக்குப் பத்து லட்சம் கொடுத்தார்கள். நவம்பரில் உயர் நீதிமன்றம் வழக்கை சி.பி.ஐ.க்கு மாற்றியது. ஜனவரியில் மெரினாவில் பேண்டு வாசித்தார்கள், கொடி ஏறியது, ஹெலிகாப்டர் பூத்தூவியது, கள்ளச்சாராய ஒழிப்பில் சிறந்த பணிக்கான காந்தியடிகள் விருது அந்த வருடமும் தவறாமல் கொடுக்கப்பட்டது. ஒரு வருடம், ஒரே ஒரு வருடம், ‘இந்த ஆண்டு இந்த விருதைக் கொடுக்க எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது’ என்று ஒரு வரி வாசித்துவிட்டு அடுத்த நிகழ்ச்சிக்குப் போயிருக்கலாம். அந்த வரியை எழுத ஒரு ரைட்டர் கிடைக்கவில்லை.

எழுத்து விஷயத்துக்கு வருகிறேன். நம் காவல் நிலையங்களில் உருவாகும் உரைநடைக்குத் தமிழ் விமர்சகர்கள் உரிய இடம் கொடுக்கவில்லை. கதை எப்போதும் ரோந்தில் தொடங்கும். ‘கிடைத்த ரகசியத் தகவலின் பேரில்’ என்பது முதல் வாக்கியம். சந்தேகத்துக்கிடமான முறையில் ஒருவர் நின்றுகொண்டிருப்பார். போலீசைக் கண்டதும் தப்பி ஓட முயல்வார். மடக்கிப் பிடித்து விசாரித்தால் முன்னுக்குப் பின் முரணாகப் பேசுவார். இந்த நாலு வாக்கியத்தில் நூறு வருடமாக ஒரு சொல் மாறவில்லை. குமரி மாவட்டத்துக்காரனும் கும்மிடிப்பூண்டிக்காரனும் வாழ்க்கை முழுக்க வெவ்வேறு வட்டாரத் தமிழ் பேசிவிட்டு, கைதான அன்றைக்கு மட்டும் ஒரே குரலில், ‘என்னை அழைத்துச் சென்றால் மறைத்து வைத்திருக்கும் இடத்தை நேரில் அடையாளம் காட்டுகிறேன்’ என்று செந்தமிழில் வாக்குமூலம் கொடுப்பான். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவனுக்கும் அந்த ஒரு வாக்கியம் இலக்கணப் பிழையில்லாமல் வரும். பேராசிரியர்களால் முடியாத மொழிச் சீர்திருத்தம் லாக்கப்பில் முடிந்திருக்கிறது.

பிறகு கழிவறை. தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளின் தரை எந்தக் கல்லால் ஆனது என்று புவியியல் துறை ஆராயலாம். ரவுடி என்று கொண்டுபோகப்பட்டவன் மறுநாள் கையில் மாவுக்கட்டோடு போட்டோவில் நிற்பான். வழுக்கி விழுந்தான். அல்லது போலீசைக் கண்டு பாலத்திலிருந்து குதித்தான். படம் வாட்ஸ்அப்பில் ஊர் சுற்றும், கீழே சிரிப்புப் பொம்மைகள், ‘சபாஷ் போலீஸ்’ என்று கைகூப்பல். மாவுக்கட்டு என்பது நமக்கு ஒரு ஜோக். வடிவேலு வசனம் போட்டு மீம்ஸ் செய்கிற அளவுக்குச் செல்லமான ஜோக். 2025 மே மாதம் உயர் நீதிமன்றமே கேட்டது: காவல் நிலையக் கழிவறையில் கைதிகள் மட்டும்தான் வழுக்கி விழுவார்களா, அதிகாரிகள் விழுவதில்லையா என்று. நல்ல கேள்வி. பதில் எழுத ஆள் இருக்கிறது, கோர்ட்தான் இலக்கிய ரசனையில்லாமல் கேட்கிறது.

நாம் சிரித்த அந்த ஜோக்குதான் ஒருநாள் ரவுடிகளை விட்டுவிட்டு மொபைல் கடை வைத்திருந்த அப்பா மகன் பக்கம் திரும்பியது. 2020 ஜூன் 19, சாத்தான்குளம். ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்தது என்று சொல்லி அப்பாவைக் கூட்டிப் போனார்கள். ஏன் என்று கேட்கப் போன மகனும் உள்ளே. இரவு முழுக்க அடி நடந்தது. ஜூன் 22-ம் தேதி இரவு மகன் கோவில்பட்டியில் செத்தார், விடிவதற்குள் அப்பா.

இதற்கு எழுதிய எஃப்.ஐ.ஆர்.தான் என் கணக்கில் தமிழ் உரைநடையின் சிகரம். அப்பாவும் மகனும் தரையில் உட்கார்ந்து போலீசைக் கெட்ட வார்த்தையால் திட்டினார்களாம். பிறகு தரையில் உருண்டு புரண்டார்களாம். புரண்டதில் உள்காயம் ஏற்பட்டதாம். வெளியே தெரியாமல் உள்ளே அடிபடுவதற்கு நம்மூரில் ஊமைக்காயம் என்று பெயர். அறுபதை நெருங்கிய ஒரு மனிதர் கடைத்தெருவில் குழந்தைபோல உருண்டு புரண்டார், அதில் உயிர் போகிற காயம் பட்டது என்று எழுதுகிற கைக்கு எத்தனை துணிச்சல் வேண்டும்! யாரும் நம்பமாட்டார்கள் என்று தெரிந்தே எழுதுவதற்குப் பெயர் பொய்கூட இல்லை. ‘நீ நம்பாவிட்டால் எனக்கென்ன’ என்பதைத்தான் அப்படி எழுதியிருக்கிறது.

அதே ஸ்டேஷனில் கேமராவும் இருந்தது. விசாரிக்கப் போன கோவில்பட்டி மாஜிஸ்திரேட், பதிவைக் கொண்டுவரச் சொன்னார். ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க், இடம் தாராளம். ஆனாலும் அன்றன்றைய பதிவு அன்றன்றைக்கே தானாக அழிந்துபோகும்படி அமைத்து வைத்திருந்தார்கள். அதாவது எழுதுகிறவர் பொய் எழுத, பார்க்கிற கண் பார்த்ததைத் தினம் தினம் மறந்துகொண்டிருந்தது. அந்தக் கேமராவுக்குப் பத்தாண்டு அப்பழுக்கற்ற சேவைப் பதக்கம் சிபாரிசு செய்கிறேன். மாதம் 400 ரூபாயை மின்சார பில்லில் கழித்துக்கொள்ளலாம். அதே வருடம் டிசம்பரில் உச்ச நீதிமன்றம், எல்லாக் காவல் நிலையத்திலும் கேமரா வைக்க வேண்டும், பதிவைப் பதினெட்டு மாதம் பாதுகாக்க வேண்டும் என்றது. அந்த உத்தரவும் எங்கள் ஊருக்கு வராத அதே ரயிலில்தான் வருகிறதுபோல.

மாஜிஸ்திரேட்டுக்கு அங்கே கிடைத்த மரியாதையை அவரே உயர் நீதிமன்றத்துக்கு எழுதினார். உன்னால் ஒன்றும் பிடுங்க முடியாது என்கிற பொருளில், ஒருமையில், ஒரு காவலர் அவர் காதுபடச் சொன்னார். பதவியில் இருக்கும் நீதித்துறை நடுவருக்கே இது என்றால் கையில் சி.எஸ்.ஆர். வைத்திருக்கும் எனக்கு என்ன என்று யோசித்து, நான் அதிகம் யோசிப்பதை நிறுத்திவிட்டேன். காவல் நிலையத்தையே கொஞ்ச நாள் வருவாய்த்துறை கையில் கொடுக்கும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. தாசில்தார் காவல் காத்த போலீஸ் ஸ்டேஷன்!

அந்தக் கட்டடத்துக்குள்ளும் ஒரு ஆள் இருந்தார். தலைமைக் காவலர், பெண். இரவு முழுக்க அடித்தார்கள், லத்தியிலும் மேசையிலும் ரத்தக்கறை இருந்தது என்று மாஜிஸ்திரேட்டிடம் சொன்னவர். வெளியே சக காவலர்கள் கூட்டமாக நின்று மிரட்டிக்கொண்டிருக்க, உள்ளே அவர் நடுங்கிக்கொண்டே பேசினார். சொன்னதை எழுதி முடித்துக் கையெழுத்துக் கேட்டபோது முதலில் தயங்கினார். வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், நாளைக்கும் இதே ஸ்டேஷனுக்கு வரவேண்டும். பிறகு போட்டார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் அந்த ஆண்டு நடந்த வீரச்செயல் எது என்று என்னைக் கேட்டால் அந்தக் கையெழுத்தைச் சொல்வேன். உயர் நீதிமன்றம் அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்கச் சொன்னது. யாரிடமிருந்து பாதுகாப்பு? போலீசிடமிருந்து. யார் கொடுப்பது? போலீஸ். வீரப் பதக்கத்துக்கான விண்ணப்பப் படிவத்தில் சக ஊழியர் செய்த கொலையை மறைக்காமல் சொன்னதற்கு என்று ஒரு கட்டம் கிடையாது. அப்படி ஒரு கட்டம் வைத்தால் படிவத்தை யார் பரிந்துரைத்து மேலே அனுப்புவது?

சாத்தான்குளத்தில் எஃப்.ஐ.ஆராவது எழுதினார்கள். ஐந்து வருடம் கழித்து, 2025 ஜூன் கடைசியில், சிவகங்கை மாவட்டம் மடப்புரத்தில் கலை இன்னும் முன்னேறிவிட்டது. எழுதவே இல்லை. கோயிலுக்கு வந்த ஒருவரின் காரிலிருந்து நகை காணவில்லை என்று புகார். கோயில் காவலாளியான இளைஞரைத் தனிப்படை கூட்டிப் போனது. நகைத் திருட்டுக்கு எஃப்.ஐ.ஆர். போடாமலே விசாரணை. கோயிலை ஒட்டிய இடத்தில் வைத்து அடிப்பதை யாரோ ஒருவர் மறைந்திருந்து செல்போனில் எடுத்தார். பிரேதப் பரிசோதனையில் 44 காயம். கொலைகாரன்கூட இப்படிச் செய்யமாட்டான் என்று நீதிபதிகள் சொல்ல வேண்டி வந்தது. காவலாளியைக் காவலர்கள் கொன்ற கதைக்குச் சிலேடை நான் தேட வேண்டியதில்லை, தானாக அமைந்துவிட்டது.

அதற்குப் பிறகு, அங்கீகாரமில்லாமல் இயங்கும் தனிப்படைகளையெல்லாம் கலைக்கும்படி டி.ஜி.பி. உத்தரவிட்டார். இந்த வாக்கியத்தை நான் மூன்று தடவை படித்தேன். அங்கீகாரமில்லாமல் இயங்கும் பஜ்ஜிக்கடை கேள்விப்பட்டிருக்கிறேன். அங்கீகாரமில்லாமல் இயங்கும் போலீஸ் படை மாநிலம் முழுக்க இருந்திருக்கிறது, சீருடை இல்லாமல், பதிவேடு இல்லாமல். அதுவரை அவர்கள் பிடித்ததெல்லாம் மறுநாள் பேப்பரில் ‘தனிப்படை அதிரடி’ என்று வந்து, நாம் தினமும் டீயோடு படித்து மெச்சிக்கொண்டதுதான்.

செத்தவரின் தாயாரிடம் முதல்வர் போனில் வருத்தம் சொன்னார். தம்பிக்கு ஆவினில் வேலை, குடும்பத்துக்கு மூன்று சென்ட் மனைப்பட்டா. கொடுத்தது சரிதான், கொடுக்காமல் இருந்தால் இன்னும் கேவலம். ஆனால் மனைப்பட்டா என்றதும் எனக்கு 2004 நினைவுக்கு வந்தது. வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டதும் அதிரடிப்படையில் இருந்த எழுநூறுக்கும் மேற்பட்ட அத்தனை பேருக்கும் ஒரு படி பதவி உயர்வு, 3 லட்சம் ரூபாய், வீட்டுமனை என்று அன்றைய முதல்வர் அறிவித்தார். தமிழ்நாட்டுக் காவல்துறையில் இப்படி ஒரு மொத்த விருதை நான் வேறு கேள்விப்பட்டதில்லை. அதே காட்டில் வீரப்பனைத் தேடுகிறோம் என்று இரு மாநில அதிரடிப்படைகளும் மலை மக்களைப் பிடித்துப்போய் வதைத்ததை நீதிபதி சதாசிவா குழு விசாரித்தது. மாதேஸ்வரன் மலையில் வதைக்கூடத்துக்கு ‘ஒர்க் ஷாப்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். தொழில் பக்தி. 2007-ல் தேசிய மனித உரிமை ஆணையம் 89 பேருக்கு 2 கோடியே 80 லட்சம் இழப்பீடு கொடுக்கச் சொன்னது.

வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சராசரி 3 லட்சத்துச் சொச்சம். படையில் இருந்தவருக்கு 3 லட்சம், படையிடம் மாட்டியவருக்கும் 3 லட்சம். சமத்துவம். ஒரே ஒரு வித்தியாசம், முன்னவருக்குச் சில நாளில் அறிவித்தார்கள், பின்னவர் பல வருடம் மனு எழுதினார். இந்த மாநிலத்தில் அடித்தாலும் மனை உண்டு, அடிபட்டுச் செத்தாலும் மனை உண்டு. இரண்டுக்கும் நடுவில் வாடகை வீட்டில் கிடக்கிறவன்தான் ஏமாளி.

பாராட்டு விழா முடிந்து பத்து நாள் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. மொபெட் கிடைத்துவிட்டதாக்கும் என்று சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். ரைட்டர் எழுந்து நின்று நாற்காலி போட்டார். அதிலேயே எனக்கு வயிறு கலங்கியது.

“அண்ணாச்சி, நம்ம ஸ்டேஷன் சிறந்த காவல் நிலையம் லிஸ்ட்ல போவுது. மேல இருந்து இன்ஸ்பெக்‌ஷன் வாராங்க. ஒங்க மனு ஒண்ணு பெண்டிங்ல கெடக்கு.”

“வண்டி கெடைச்சிருச்சா ஏட்டையா?”

“கெடைக்கும். கெடைக்காம எங்க போவுது” என்றபடி ஒரு காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். அச்சுப் போன்ற கையெழுத்து, அழகாக எழுதியிருந்தார். மேற்படி வண்டியை நான் கவனக்குறைவாக எங்கோ நிறுத்திவிட்டு மறந்துபோனதாகவும், வண்டி திருட்டுப் போகவில்லை என்று தற்போது தெரிய வருவதாகவும், ஆகவே என் மனுவின் மேல் மேல்நடவடிக்கை எதுவும் தேவையில்லை என்றும், இதை யாருடைய தூண்டுதலும் இல்லாமல் என் சுயநினைவோடு எழுதிக் கொடுப்பதாகவும் இருந்தது.

நான் காகிதத்தைப் பார்த்தேன். ரைட்டர் தலைக்கு மேலே கேமரா இருந்தது, சிவப்பு விளக்கு எரியவில்லை. உள்ளறையிலிருந்து யாரோ சத்தமாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவும் ஓசை கேட்டது. கழிவறையாக இருக்கும்.

“கீழ தேதி போட்டுக்கிடுங்க அண்ணாச்சி. பழைய தேதி.”

போட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார்கள், இஞ்சி தட்டிப் போட்டது.